"நல்ல கல்லா அண்ணாச்சி?" – வைரம் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் நகைக்கடைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். சேதாரம் எட்டா பத்தா என்று முக்கால் மணி நேரம் பேச்சு ஓடும். தராசில் மில்லிகிராம் வரை எட்டிப் பார்ப்பார்கள். வைரத்தோடு தட்டில் வந்து உட்கார்ந்ததும் பெரியம்மை ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நல்ல கல்லா அண்ணாச்சி?" "முதல் தரம்மா." அத்தோடு சரி. இரண்டு லட்சம் ரூபாய்க்கான விசாரணை முடிந்துவிடும்.

தங்கத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல் என்று வந்தால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. நான் சில வருடம் கல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். கடை கிடையாது, கமிஷன் கிடையாது. சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் போன் வந்துகொண்டே இருக்கும். கேட்கிறவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹால்மார்க் போட்ட வைர நகைதானே, பிறகு என்ன பயம்?

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. இதைத்தான் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நகையில் மூன்று குறிகள் இருக்கும். ஒன்று மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரை. அடுத்தது தூய்மை: 22 கேரட் என்றால் 916, 18 கேரட் என்றால் 750, 14 கேரட் என்றால் 585. மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாத நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன தூய்மை, தோடா மோதிரமா என்று வரும். கடையில் நின்றபடியே போட்டுப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. நம் வீட்டு வைர மூக்குத்தி எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். மூக்குத்தியில் தங்கமும் கடைக்காரர் வாய்ச்சொல், கல்லும் அவர் வாய்ச்சொல். அதனால் அதற்குத்தான் பில் இன்னும் தெளிவாக வேண்டும்.

22 கேரட், 18 கேரட் என்கிறார்கள். வைரத்துக்கும் அரை கேரட், ஒரு கேரட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. தங்கத்தில் கேரட் என்றால் தூய்மை. வைரத்தில் கேரட் என்றால் எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம், ஐந்து கேரட் ஒரு கிராம். ஒரு கேரட்டை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். "அஞ்சு சென்ட் கல்லு" என்று கடையில் சொல்வது 0.05 கேரட்டை.

ஒழுங்காகப் பட்டை தீட்டிய உருண்டைக் கல்லுக்கு எடையும் விட்டமும் ஏறக்குறைய பொருந்தி வரும். மூன்று சென்ட் என்றால் 2 மில்லிமீட்டர், பத்து சென்ட் என்றால் 3, அரை கேரட் என்றால் 5.1, ஒரு கேரட் என்றால் 6.5. இந்த நாலு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஏழு கல் தோடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜோடிக்கு 14 கல். "மொத்தம் ஒரு கேரட்" என்றால் ஒவ்வொன்றும் ஏழு சென்ட்தான். ஒரே கல்லாக ஒரு கேரட் இருந்தால் அதன் விலை பல மடங்கு, ஏனென்றால் பெரிய கல் கிடைப்பது அரிது. ஒற்றைக் கல்லின் கேரட் விலையைக் காட்டி, பொடிக்கல் தோட்டை "இது எவ்வளவு மலிவு பாருங்க" என்பது பழைய வித்தை. பொடிக்கல்லைப் பொடிக்கல்லோடுதான் ஒப்பிட வேண்டும்.

அரை கேரட், ஒரு கேரட் என்ற முழு எண்களில் விலை ஒரு தாவு தாவும். 0.90 கேரட்டுக்கும் ஒரு கேரட்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் கால் மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். விரலில் போட்டால் மதினிக்குக்கூடத் தெரியாது. மதினிக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

இஎஃப், விவிஎஸ் என்று மந்திரம் மாதிரி சொல்கிறார்களே, அது என்ன?

முதல் பாதி நிறம், இரண்டாம் பாதி உள்சுத்தம். நிறத்துக்கு டி-யில் தொடங்கி இஸட் வரை எழுத்து. டி, இ, எஃப் மூன்றும் நிறமே இல்லாதவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. கே-யிலிருந்து மெல்ல மஞ்சள் ஏறும். அமெரிக்காவின் ஜிஐஏ என்ற ரத்தின ஆய்வு நிறுவனம் 1950-களில் இந்த வரிசையைக் கொண்டுவந்தது. ஏ, பி, சி என்று ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்த குழப்பம் வேண்டாமென்றுதான் டி-யிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நம் கடைகளில் பொடிக்கல்லுக்கு எழுத்தை ஜோடியாகச் சொல்வார்கள்: இஎஃப், ஜிஎச், ஐஜே. பொட்டலத்தில் அந்த இரண்டு நிறத்துக்குள் எல்லாக் கல்லும் இருக்கும் என்று பொருள். நடைமுறையில் பெரும்பங்கு கீழ் எழுத்தாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு டி, இ என்று தேடிப் போவது வீண் செலவு என்பது என் கருத்து. சுற்றி இருக்கும் தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறித் தெரியும். ஜிஎச் போதும். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் கதை வேறு.

எங்கள் பாட்டி காலத்தில் 'ப்ளூ ஜாகர்' என்பார்கள். இப்போது அது கிடைக்குமா?

பெயருக்குப் பின்னால் ஒரு சுரங்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன். 1893-இல் 995 கேரட் எடையுள்ள எக்ஸல்சியர் வைரம் கிடைத்த இடம். அங்கே கிடைத்த சில கற்கள் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் அடித்து, பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அந்த அழகுக்கு 'ஜாகர்' என்று வியாபாரிகள் பெயர் வைத்தார்கள். நம் ஆச்சிமார் வாயில் அது ப்ளூ ஜாகர் ஆயிற்று. சுரங்கம் 1971-இல் மூடிவிட்டார்கள். இன்று புதுக் கல்லைக் காட்டி ப்ளூ ஜாகர் என்று யாராவது சொன்னால், பெயரைத்தான் விற்கிறார் என்று அர்த்தம்.

அந்த நீலத்துக்குக் காரணம் கல்லின் ஒளிர்வு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். நூற்றுக்கு 25 முதல் 35 கல்லில் இந்தக் குணம் ஏதாவது ஒரு அளவில் உண்டு. லேசான மஞ்சள் கல்லை இந்த நீலம் வெள்ளையாகக் காட்டும். அது நல்லதுதானே என்றால், பாதி நல்லது. மிக அதிகமாக ஒளிரும் சில கற்கள் வெயிலில் எண்ணெய் படிந்த கண்ணாடி மாதிரி மங்கிவிடும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கல்லை அது சும்மா விடாது. சான்றிதழில் ஒளிர்வு 'ஸ்ட்ராங்' அல்லது 'வெரி ஸ்ட்ராங்' என்று இருந்தால் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெளிவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், விலையும் சற்றுக் குறையும்.

கல்லுக்குள் புள்ளி இருந்தால் தோஷம் என்கிறார்களே?

இந்தப் பேச்சு நேற்று முளைத்ததில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதி வருகிறது. அங்கே வைரத்துக்கு நாலு குற்றம் சொல்கிறார் இளங்கோ: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக்கால் மாதிரிக் கீற்று, கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு தேடுவதும் கிட்டத்தட்ட இந்த நாலைத்தான்.

பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிவதை வைத்துத் தரம் சொல்வார்கள். ஒன்றுமே இல்லையென்றால் எஃப்எல், ஐஎஃப். மிக மிகச் சிறிதாக இருந்தால் விவிஎஸ், அதற்கடுத்து விஎஸ், பிறகு எஸ்ஐ, கடைசியில் ஐ. விஎஸ் வரை வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பொடிக்கல்லில் எஸ்ஐ-யின் மேல்படியான எஸ்ஐ1-இல்கூடப் பெரும்பாலும் தெரியாது. அப்படியானால் ஐந்து சென்ட் கல்லுக்கு விவிஎஸ் வேண்டுமென்று ஏன் அடம் பிடிக்க வேண்டும்? அந்தப் புள்ளியை யார் பார்ப்பது? தோஷ நம்பிக்கை இருந்தால் அது உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்கவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் அந்தப் பணத்தை அடுத்த கேள்வியில் சொல்வதற்குச் செலவிடுங்கள்.

உள்சுத்தத்தில் ஐ தரத்துக் கல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் உள்ள கீற்று கல்லின் உறுதியையே குறைக்கலாம்.

அப்படியானால் எதற்குத்தான் பணம் கொடுப்பது?

பட்டைக்கு. கடைக்காரர் 'கட்' என்பார். நம் பக்கத்தில் எடையைக் கேட்பார்கள், இஎஃப்-ஆ என்று கேட்பார்கள், பட்டை தீட்டியது எப்படி என்று கேட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் வைரம் மின்னுவது இதனால்தான்.

வைரத்துக்குள் நுழையும் ஒளி உள்ளேயே மோதித் திரும்பி மேல்பக்கமாக வர வேண்டும். அதற்குக் கீழ்ப்பக்கத்துச் சரிவு சரியாக அமைய வேண்டும். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். கீழ்ச்சரிவு 40.75 பாகை, மேல்சரிவு 34.5 பாகை என்றார். இன்றைய 57, 58 பட்டை உருண்டைக் கல் அந்தக் கணக்கின் வாரிசு. அடிப்பக்கம் தட்டையாகப் போனால் ஒளி கீழே ஒழுகிவிடும், நடுவில் மீன்கண் மாதிரி வெளுப்பாகத் தெரியும். ஆழமாகப் போனால் நடுவில் கருப்பு அடிக்கும்.

ஏன் தப்பாகத் தீட்டுகிறார்கள்? தெரியாமல் இல்லை. உலகத்து வைரத்தில் பெரும்பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது, அவர்கள் கை தேர்ந்தவர்கள். ஆனால் கல் விற்பது எடையில். சரியான கோணத்தில் தீட்டினால் எடை அதிகம் கழியும். அடியைக் கொஞ்சம் பருமனாக விட்டால் எடை மிஞ்சும், மின்னல் குறையும். எடை மட்டும் கேட்கிற வாடிக்கையாளருக்கு அந்தக் கல் வந்து சேரும்.

முன்னால் சொன்ன மில்லிமீட்டர் கணக்கு இங்கேதான் உதவும். ஒரு கேரட் என்கிறார்கள், விட்டம் 6 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் மிச்ச எடை அடிவயிற்றில் ஒளிந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். சான்றிதழில் 'எக்ஸலன்ட்' அல்லது 'வெரி குட்' என்று இருக்கட்டும். பொடிக்கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வராது. அதனால் இரண்டு மூன்று தோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். எல்லாக் கல்லும் சேர்ந்து மினுக்க வேண்டும். ஏழில் ஒன்று மட்டும் தூங்கினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கடையில் மின்னியது வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டதே?

கடைக் கூரையில் இருக்கும் சின்னச் சின்னக் கூரிய விளக்குகளுக்குக் கீழே கண்ணாடித் துண்டும் மின்னும். நகையை உள்ளங்கையில் வைத்து உடம்பால் அந்த விளக்கை மறைத்துப் பாருங்கள். பிறகு வாசல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல். பகல் பதினோரு மணிக்குப் போவது நல்லது.

சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். அதை எப்படிப் படிப்பது?

யார் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற வெளி ஆய்வுக்கூடத்தின் அறிக்கை ஒரு வகை. கடையின் பெயரிலேயே அச்சடித்த 'உத்தரவாத அட்டை' வேறு வகை. பின்னது விற்றவரே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் நற்சான்று.

வெளி ஆய்வுக்கூட அறிக்கையில் ஒரு எண் இருக்கும். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் அதே விவரம் வர வேண்டும். பெரிய கல்லானால் ஓரத்திலேயே லேசரில் அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள்.

நகையில் பதித்த பிறகு செய்யும் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. பின்பக்கம் மூடிய பழைய பாணித் தோட்டில் கல்லின் அடியைப் பார்க்கவே முடியாது. அதனால் அறிக்கையில் தரத்தை ஒரு வரம்பாகத்தான் எழுதுவார்கள். ஒற்றைக் கல் மோதிரம், மூக்குத்தி என்றால் கல்லைப் பதிக்கும் முன்பே தனியாகப் பார்த்து முடிவு செய்வது உத்தமம்.

லேப் வைரம் உண்மையான வைரமா, டூப்பா?

வைரம்தான், பூமிக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. அதே கார்பன், அதே கடினம். அதிக அழுத்தத்தில் அதிகச் சூடு கொடுத்து வளர்ப்பது ஒரு முறை. வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படிய வைப்பது இன்னொரு முறை, அதை சிவிடி என்பார்கள். சென்னை ஐஐடியில் இதன் ஆராய்ச்சிக்காக மத்திய அரசு ஐந்து வருடத்துக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

டூப் என்று சொல்ல வேண்டியது அமெரிக்கன் டைமண்டை. அது கியூபிக் ஜிர்கோனியா, வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மாய்ஸனைட் என்று இன்னொன்று வருகிறது. அது வைரத்தை விட அதிகமாக வானவில் நிறம் காட்டும். அழகான கல்தான், ஆனால் வைரம் இல்லை.

லேப் வைரத்தின் சிக்கல் அதன் விலை. இயற்கை வைரத்தில் ஒரு சிறு பங்குதான், அதுவும் இறங்கிக்கொண்டே வருகிறது. தொழிற்சாலையில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் இறங்கத்தானே செய்யும். ஜிஐஏ 2025 அக்டோபரிலிருந்து லேப் வைரத்துக்கு டி, இ, எஃப் எழுத்து கொடுப்பதையே விட்டுவிட்டது. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே தரம். கல்லூரி போகிற பெண்ணுக்கு ஒரு தோடு, ஆசைக்கு ஒரு மோதிரம் என்றால் லேப் வைரம் நல்ல தேர்வு. பேத்திக்குப் போகும், அவசரத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள்.

எனக்குப் பயம் இன்னொன்றில். பொடிக்கல் பொட்டலத்தில் லேப் கல்லைச் சொல்லாமல் கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கடையில் வைத்திருக்கும் பேனா மாதிரிக் கருவி வெப்பத்தைச் சோதிப்பது. லேப் வைரத்துக்கும் அது "வைரம்" என்றுதான் கூவும். பழைய கருவி மாய்ஸனைட்டுக்குக்கூடக் கூவும். பில்லில் 'இயற்கை வைரம்' என்று இரண்டு வார்த்தை எழுதி வாங்குங்கள். பின்னால் சோதனையில் வேறாகத் தெரிந்தால் பிடிக்க அதுதான் கைப்பிடி.

வீட்டில் நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

கல்லில் ஊதினால் ஆவி உடனே மறைய வேண்டும் என்பார்கள். ஓரளவு சரி. வைரம் சூட்டை வேகமாகக் கடத்தும், ஆனால் மாய்ஸனைட்டும் கடத்துமே. தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும் என்பது வெறும் பேச்சு, எல்லாக் கல்லும் மூழ்கும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் வேண்டாம், கண்ணாடியைக் கீற எத்தனையோ கல் உண்டு. சுத்தியலால் தட்டிப் பார்த்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கீறலுக்கு அசையாத வைரம் அடிக்கு உடையும். உடைந்தது.

பில்லில் எதெல்லாம் பார்க்க வேண்டும்?

நம் பக்கத்துப் பழைய ஆச்சிமார் காதில் தொங்கும் பாம்படம் நினைவிருக்கிறதா? பார்க்கக் கட்டித் தங்கம் மாதிரி இருக்கும், உள்ளே அரக்கு. விற்கப் போனால் ஆசாரி அரக்கின் எடையைக் கழித்துத்தான் பேசுவார், ஆச்சியும் அதை ஒத்துக்கொள்வார். வைர நகையிலும் அதே கணக்குத்தான், ஆனால் வாங்கும்போதே கழிக்க வேண்டும்.

ஒரு தோடு ஜோடி மொத்தம் 8.400 கிராம், அதில் இரண்டு கேரட் வைரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கேரட் என்றால் 0.400 கிராம். தங்கம் சரியாக 8 கிராம், ஒரு பவுன். தங்க விலையும் சேதாரமும் இந்த 8 கிராமுக்குத்தான். 8.400-க்குப் போட்டால் அதே கல்லுக்கு இரண்டு முறை காசு வாங்குகிறார்கள்.

அடுத்தது விலை. வைர நகை இப்போது பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில் வருகிறது, கல்லை இறுகப் பிடிப்பதற்காக. கடை வாசல் பலகையில் எழுதியிருப்பது 22 கேரட் விலை. கணக்குக்காக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்தால், 18 கேரட் ஏறக்குறைய 8,180 ரூபாய் வர வேண்டும். மறதியாகவோ மற்றபடியோ 22 கேரட் விலையைப் போட்டுவிட்டால் ஒரு பவுனுக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிற்று. முக்கால் மணி நேரம் பேசிக் குறைத்த சேதாரம் எல்லாம் இந்த ஒரு வரியில் திரும்பிப் போய்விடும்.

கல்லுக்கு என்று ஒரே வரியில் 'வைரம் – இவ்வளவு' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை கல், மொத்தம் எத்தனை கேரட், நிறம், சுத்தம், கேரட் விலை, இயற்கையா லேப்பா என்பது வரை வேண்டும். அதன்பிறகு செய்கூலி, மூன்று சதவீத ஜிஎஸ்டி. வாங்குவது இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. "பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம்" என்று யாராவது சொன்னால், வரியோடு சேர்த்து உங்கள் ஆதாரமும் மிச்சமில்லாமல் போகும்.

ஆடித் தள்ளுபடி, 'செய்கூலி சேதாரம் இல்லை', நகைச்சீட்டு – இதெல்லாம்?

தங்கத்துக்குத் தினசரி விலை உண்டு, ஊர் பூராவும் தெரியும். வைரத்துக்கு அப்படி ஒரு பலகை இல்லை. அதனால் எதைத் தள்ளுபடி செய்தாலும் கல் விலையில் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரே தர, ஒரே எடைத் தோட்டின் கடைசித் தொகையை மூன்று கடையில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். சீட்டுச் சலுகை பல கடைகளில் தங்கத்துக்கு மட்டும்தான், வைரத்துக்குச் செல்லாது. சேரும்போதே கேளுங்கள், பதினோரு மாதம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அவசரத்துக்கு அடகு வைக்கலாமா? திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்?

வங்கியில் நகைக்கடன் கொடுக்கும்போது தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் எடுப்பார்கள், கல்லுக்குக் கணக்கில்லை. இரண்டு லட்சத்துத் தோட்டுக்கு ஒரு பவுன் தங்கத்துக்கான கடன்தான் கிடைக்கும். விற்பது என்றால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால்தான் பெரும்பாலும் நல்ல விலை. மாற்றி வேறு நகை எடுத்தால் எத்தனை சதவீதம், ரொக்கமாக என்றால் எத்தனை, அன்றைய கல் விலைக்கா வாங்கிய விலைக்கா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். செய்கூலியும் ஜிஎஸ்டியும் திரும்பாது. சேமிப்புக்கு என்றால் நாணயம் வாங்கிக்கொள்ளுங்கள், வைரம் போட்டுக்கொள்வதற்கு.

வைரம் எல்லோருக்கும் ஒத்துவராது என்கிறார்களே?

சுக்கிரனுக்கு உரிய கல், வீட்டில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். நம்புகிறவர்கள் செய்யட்டும். ஆனால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம், முழுத் தொகையும் திரும்புமா என்று எழுதி வாங்கிய பிறகு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கனவு சரியில்லை என்று நாலாம் நாள் போய் நின்றால் கடைக்காரர் முகமும் சரியாக இருக்காது.

எப்படிப் பராமரிப்பது?

வைரத்துக்கு எண்ணெய் என்றால் பிரியம். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகையில் கல்மண்ணை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்த காலம் உண்டு. தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பூச்சு எல்லாம் கல்லின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். "கல்லு மங்கிப்போச்சு" என்று வருவதில் பாதி அழுக்குத்தான். இளஞ்சூட்டு நீரில் லேசாகச் சோப்பு, இல்லாவிட்டால் பூந்திக்கொட்டை ஊறிய நீர், மென்மையான பிரஷ். கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம். பின்பக்கம் மூடிய தோட்டை நீரில் ஊறப் போடாதீர்கள், உள்ளே நீர் இறங்கினால் கல் மங்கிவிடும்.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் தோட்டையும் மூக்குத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அருவி தலையில் விழும் வேகத்தில் திருகாணி தளர்ந்தது தெரியாது. கீழே குனிந்து தேடவும் கூட்டம் விடாது.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால்?

தங்கத்தில் தூய்மை குறைந்தால், குறைந்த அளவுக்கு உரிய தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் இழப்பீடாகக் கிடைக்க பிஐஎஸ் விதியில் வழி இருக்கிறது. கல்லில் ஏமாற்றம் என்றால் முதலில் வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

பழைய தோட்டை அழித்துப் புதிதாகச் செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய கற்களின் பட்டை இன்றைய மாதிரி இருக்காது. மின்னல் குறைவு, ஆனால் பெரிய பெரிய ஒளித்துண்டாக அடிக்கும். விளக்கு வெளிச்சத்தில் அதற்கு ஒரு தனி அழகு. அழிப்பதானால் உங்கள் கண் முன்னால் கல்லைக் கழற்றச் சொல்லி, எண்ணி, விட்டம் அளந்து, எடை போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ரிப்பேருக்குக் கொடுத்தாலும் இதே நடைமுறைதான். சுட்ட பாடம்.

எங்கள் ஆச்சியின் ஏழு கல் தோட்டை அவர் காலமான பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். 14 கல்லில் 12 வைரம், இரண்டு வெறும் வெள்ளைக் கல். ஐம்பது வருடத்தில் எத்தனையோ முறை திருகாணிக்கும் மெருகுக்கும் கொடுத்து வாங்கியது. எந்தக் கையில் மாறியது என்று யாரைக் கேட்பது? ரசீதில் ஒவ்வொரு முறையும் 'தோடு 1 ஜோடி' என்று மட்டும் இருந்தது.

இரண்டு புது வைரம் வாங்கிக் கொடுத்தோம். புதுப் பட்டை பழையதோடு சேராமல் தனியாகத் துள்ளியது. இருந்த இடத்திலேயே வைத்தால் ஒரு காதில் இரண்டு, மறு காதில் ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு வயதான ஆசாரி சற்றுப் பார்த்துவிட்டு, ஒரு பழைய கல்லை இடம் மாற்றி, புதுக் கல்லை ஆளுக்கொன்றாக இரண்டு தோட்டிலும் நட்ட நடுவில் வைத்துக் கொடுத்தார். இப்போது பார்க்கிறவர்கள் நடுக்கல்லை மட்டும் வேண்டுமென்றே பெரிய தரத்தில் போட்டதாக நினைக்கிறார்கள்.